சிறுநீரில் புரதம்: பரிசோதனைச் சீட்டைப் படிப்பதும் அடுத்துச் செய்ய வேண்டியதும்

முழு உடல் பரிசோதனைக்கோ, வேலையில் சேர்வதற்கான மருத்துவச் சான்றிதழுக்கோ கொடுத்த சிறுநீரின் முடிவு கைக்கு வரும்போது, சர்க்கரை 'இல்லை' என்றும் அல்புமின் என்ற புரதம் '1+' என்றும் எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சிலர் அன்றிரவே சிறுநீரகம் போய்விட்டது என்று தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்; வேறு சிலர், உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று சீட்டை மடித்து வைத்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கிய பிறகு அதைத் தேடி எடுக்கிறார்கள். இழப்பு இந்த இரண்டாவது வகையினருக்குத்தான் பெரிது. அந்த ஒரு கூட்டல் குறியை மட்டும் வைத்துக்கொண்டு நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். அந்த எண்ணை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். கூடவே, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதை எந்த வரிசையில் செய்வது, எங்கே ஏமாந்துபோக வாய்ப்பிருக்கிறது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புரதம் சிறுநீருக்குள் எப்படி வருகிறது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கும் ஒரு வடிகட்டி உண்டு. நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் நீர் இந்த வடிகட்டிகளின் வழியாக இறங்குகிறது. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் புரதமான அல்புமின் உருவத்தில் பெரியது, எதிர்மின்னூட்டம் கொண்டது. வடிகட்டியின் சுவரும் அதே மின்னூட்டம் கொண்டிருப்பதால் அதைத் தள்ளிவிடுகிறது. தப்பி நழுவும் சிறிதளவையும் அடுத்துள்ள நுண்குழாய்கள் உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே, நலமாக இருப்பவரின் சிறுநீரிலும் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்குள் புரதம் இருக்கும். அதில் அல்புமினின் பங்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவு. மீதியில் பெரும்பங்கு, சிறுநீரகக் குழாய்களே சுரக்கும் வேறொரு புரதம்.

வடிகட்டியின் சுவர் பழுதடையும்போது முதலில் கூடுவது அல்புமின்தான். சர்க்கரை நோயாளிகளிடம், கிரியேட்டினின் உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கசிவு தொடங்கிவிடக்கூடும். சிறுநீரகத்துக்கு இருப்புத்திறன் அதிகம். பாதி வேலை போன பிறகும் மீதியை வைத்துக்கொண்டு அது சமாளிக்கும், வலிக்காது. அந்த நீண்ட மௌனத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல் பெரும்பாலும் சிறுநீரில் வரும் இந்த அல்புமின் என்பதால்தான், இதை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டறியும் முறை பழையது. 1827-இல் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதைப்போல அது வெளுத்தது. இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது அவர்களின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததைக் கண்டு, வீக்கம், சிறுநீரில் அல்புமின், சிறுநீரகக் கேடு மூன்றையும் அவர் ஒன்றாகக் கோத்தார். புரதம் ஏராளமாகக் கசிந்து உடல் வீங்கும் நெஃப்ராட்டிக் நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இன்றும் வீட்டில் இதே சோதனையைச் செய்ய முடியும்: சோதனைக் குழாயில் முக்கால் பாகம் சிறுநீரை எடுத்து, மேற்பகுதியை மட்டும் சூடாக்கி, கலங்கலாகத் தெரிந்தால் நீர்த்த அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். கலங்கல் மறைந்துவிட்டால் அது வெறும் பாஸ்பேட் உப்பு. மறையாமல் நின்றால் புரதம்.

கூட்டல் குறிகளை எப்படிப் படிப்பது

இன்று ஆய்வகங்களில் முதல் சோதனைக்குப் பயன்படுவது நிறம் மாறும் காகிதப் பட்டை. அதில் புரதத்துக்கான சிறு சதுரம் மஞ்சளாக இருக்கும்; அல்புமின் பட்டால் பச்சையாக மாறும். பட்டையை நனைத்து, பட்டைகள் வரும் புட்டியின் மேல் குறிப்பிட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 60 விநாடி, கழிந்ததும் நிறத்தை அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பொதுவாக 1+ என்றால் ஒரு டெசிலிட்டர் சிறுநீரில் சுமார் 30 மில்லிகிராம், 2+ என்றால் 100, 3+ என்றால் 300 மில்லிகிராம் என்று பொருள். 'ட்ரேஸ்' என்பது 1+ க்கும் கீழே.

இந்தப் பட்டையின் பெரிய குறை, அது அடர்த்தியைத்தான் அளக்கிறது, மொத்த அளவை அல்ல என்பது. ஒரே '1+' இரண்டு பேரிடம் எவ்வளவு வேறுபட்ட பொருள் தரும் என்பதை ஒரு கணக்கால் பார்த்துவிடலாம். இருவருக்கும் சிறுநீரில் அல்புமின் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடித்தவர். சிறுநீர் கெட்டியாக இருப்பதால் அதில் கிரியேட்டினின் லிட்டருக்கு 2 கிராம். அல்புமினைக் கிரியேட்டினினால் வகுத்தால் கிராமுக்கு 150 மில்லிகிராம். இரண்டாமவர் சோதனைக்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தவர். அவருடைய சிறுநீரில் கிரியேட்டினின் லிட்டருக்கு 0.4 கிராம்தான். வகுத்தால் 750. சீட்டில் இருவருக்கும் 1+. ஆனால் ஒருவருக்கு மிதமான கசிவு, மற்றவருக்குக் கடுமையான கசிவு. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் 'நார்மல்' என்று சீட்டு வாங்குவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாக முடியும்.

பட்டை வேறு வகையிலும் தவறும். சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினி பாத்திரத்தில் ஒட்டியிருந்தாலோ, புரதம் இல்லாமலே பச்சையாகலாம். மாறாக, மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வெளியேறும் இலகு சங்கிலிப் புரதங்களை இந்தப் பட்டை கண்டுகொள்ளாது. ஏனெனில் அது அல்புமினைத்தான் நன்றாக உணர்கிறது. வயதானவருக்கு விடாத எலும்பு வலியும் ரத்தசோகையும் இருந்து, கிரியேட்டினினும் கூடியிருந்தால், பட்டையில் ஒன்றும் இல்லை என்பதோடு நிறுத்திவிடக் கூடாது.

மாதிரி கொடுப்பதில் கவனம்

முதல் முடிவில் 1+ வந்தவர், மறுசோதனைக்கு முன்பு சில நாள் பொறுப்பது நல்லது. காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், அறுவைச் சிகிச்சை போன்றவற்றால் வரும் உடல் நெருக்கடி ஆகியவை தற்காலிகமாகப் புரதத்தைக் கூட்டும். காய்ச்சலுக்காக எடுத்த சோதனையில் தெரிந்த அல்புமினைக் காய்ச்சல் தணிந்த பின் மீண்டும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சோதனைக்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஜிம், ஓட்டம், கபடி போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரே சிறந்த மாதிரி. இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வளரிளம் பருவத்தினர் சிலருக்கு நிற்கும்போது மட்டும் புரதம் கசியும், படுத்திருக்கும்போது கசியாது, இது கேடற்றது. இரவு படுக்கைக்குப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, காலையில் எழுந்தவுடன் பிடித்த சிறுநீரில் புரதம் இல்லை, பகல் மாதிரியில் இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு நடுப்பகுதியை, ஆய்வகம் கொடுத்த சுத்தமான டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வீட்டிலிருக்கும் மருந்துப் புட்டியைக் கழுவிக் கொண்டுபோவது வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய சோதனை: ஏ.சி.ஆர்.

மறுசோதனைக்குப் போகும்போது 'யூரின் ரொட்டீன்' என்று மட்டும் சொல்லாமல், சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர்., வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில ஆய்வகங்கள் இதை 'மைக்ரோஅல்புமின்' என்ற பெயரில் வைத்திருக்கும். அப்படியானால் அதில் விகிதமும் வருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே போட்ட கணக்கைத்தான் இந்தச் சோதனை செய்கிறது: தண்ணீர் குடித்தது, குடிக்காதது என்ற வேறுபாட்டைக் கிரியேட்டினின் சரிக்கட்டிவிடுகிறது. ஒரு நாள் முழுவதும் கேனில் சிறுநீரைச் சேர்க்கும் தொல்லை பெரும்பாலோருக்கு இதனால் இல்லாமல் போகிறது. அப்படிச் சேர்க்கச் சொன்னால், முதல் நாள் காலை எழுந்ததும் போகும் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் போகும் சிறுநீர் வரை அனைத்தையும் சேர்க்க வேண்டும்.

ஏ.சி.ஆர். எண்ணைப் படிப்பது எளிது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் இயல்பு அல்லது சிறிதே கூடுதல். 30 முதல் 300 வரை மிதமான உயர்வு. 300-க்கு மேல் கடுமையான உயர்வு. பிரிட்டன், மலேசியா போன்ற நாடுகளின் ஆய்வகங்கள் கிராமுக்குப் பதில் மில்லிமோல் அலகில் தருவதால், அங்கே இதே எல்லைகள் 3 என்றும் 30 என்றும் வரும். வெளிநாட்டில் எடுத்த சீட்டில் 25 என்று இருப்பதைப் பார்த்து இயல்பு என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை. நம்மூர் அலகில் அது 220-க்கு மேல். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படிக்காமல் எண்ணைப் படிக்காதீர்கள். சில சீட்டுகளில் அல்புமினுக்குப் பதில் மொத்தப் புரதத்தின் விகிதம் இருக்கும். அதற்கு எல்லைகள் வேறு, கிராமுக்குக் கிராம் கணக்கில் 0.2-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை, 3.5-ஐ நெருங்கினால் நெஃப்ராட்டிக் அளவு.

ஒரு முறை 30-ஐத் தாண்டியதால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று முத்திரை குத்திவிட முடியாது. இந்த எண் நாளுக்கு நாள் ஏறி இறங்கக்கூடியது. மூன்று மாதங்களுக்கு மேல் உயர்வு நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். ஆனால் எண் ஆயிரக்கணக்கில் இருந்தாலோ, வீக்கமோ ரத்தக் கொதிப்போ சேர்ந்திருந்தாலோ மூன்று மாதம் காத்திருப்பது தவறு. அந்த வாரமே சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியது

சிறுநீர்ச் சோதனை, வடிகட்டி கசிகிறதா என்பதைச் சொல்லும்; எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் ரத்தத்தில் கிரியேட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். அளவும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து '1.2 தானே, நார்மல்தானே' என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. 2021-இல் வந்த கணக்கீட்டு முறைப்படி, 1.2 என்ற அதே கிரியேட்டினின் 25 வயது ஆணுக்கு சுமார் 86 என்ற வடிகட்டும் திறனைக் காட்டும். 65 வயதுப் பெண்ணுக்கு அது சுமார் 50 மட்டுமே. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த முதியவர்களிடமும் மெலிந்த பெண்களிடமும் அது குறைவாகவே தெரிந்து, இருக்கும் பழுதை மறைத்துவிடும். உங்கள் சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். அச்சாகவில்லை என்றால், வயதையும் பாலினத்தையும் சொல்லி மருத்துவரிடம் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

இ.ஜி.எஃப்.ஆர். 90-க்கு மேல் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. முதல் இரண்டு நிலைகளை, சிறுநீரில் புரதம் போன்ற வேறொரு கேடும் இருந்தால்தான் நோய் என்று கணக்கில் எடுப்பார்கள். இ.ஜி.எஃப்.ஆர். 70-ம் ஏ.சி.ஆர். 600-ம் உள்ளவரைவிட, இ.ஜி.எஃப்.ஆர். 55-ம் ஏ.சி.ஆர். 10-ம் உள்ள முதியவர் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கக்கூடும். இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் யாரும் உங்கள் சிறுநீரகத்தின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

உடம்பில் தெரியும் அடையாளங்கள்

சிறுநீரில் நுரை என்பது பலரைப் பயமுறுத்தும் அடையாளம். வேகமாகப் போகும்போதும், கழிப்பறையில் சுத்தம் செய்யும் திரவம் இருக்கும்போதும், சிறுநீர் கெட்டியாக இருக்கும்போதும் நுரை வரத்தான் செய்யும். அது விரைவில் அடங்கிவிடும். நாள் தவறாமல் சோப்பு நுரைபோலத் திரண்டு, சில நிமிடங்கள் கழித்தும் அடங்காமல் நின்றால் சோதித்துவிடுவது நல்லது. நுரை இல்லை என்பதால் புரதம் இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 100, 200 என்ற அளவில் கசியும் அல்புமின் கண்ணுக்குத் தெரியாது.

வீக்கம் அதைவிட நம்பத்தக்கது. காலையில் எழுந்ததும் கண் இமைகள் உப்பியிருந்து, மாலைக்குள் அது வடிந்து கால் வீங்குவது, கணுக்காலுக்கு மேலே விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுவது, மோதிரமும் செருப்பும் இறுகுவது ஆகியவை உடலில் நீர் தேங்குவதைக் காட்டும். குழந்தைகளுக்கு இமை வீங்கினால் பூச்சி கடித்தது, அலர்ஜி என்று சொட்டு மருந்து போட்டுக் காலம் கடத்துவது நடக்கிறது. இரண்டாம் நாளும் காலையில் இமை உப்பியிருந்தால் ஒரு சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக் நோய் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்துக்கு நான்கு வாரங்களுக்குள் கட்டுப்படும் வகை. மீண்டும் மீண்டும் தலைகாட்டினாலும், முறையாகக் கவனித்தால் பெரும்பாலான குழந்தைகளின் சிறுநீரகம் கெடுவதில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

சிறுநீர் தேநீர் நிறத்திலோ கோலா நிறத்திலோ போவது, தொண்டைவலி அல்லது சொறி சிரங்கு வந்து சில வாரங்களில் முகம் வீங்குவது, இளம் வயதில் ரத்தக் கொதிப்பு, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது ஆகியவையும் சோதனைக்குரிய காரணங்களே. பசியின்மை, குமட்டல், உடல் அரிப்பு, மூச்சு வாங்குவது ஆகியவை மிகப் பிந்திய நிலையின் அடையாளங்கள். அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதுகு வலிக்கிறது, அதனால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கல்லும் தொற்றும்தான் வலிக்கும். புரதம் கசியும் நோய்கள் பெரும்பாலும் வலிக்காது.

காரணத்தைத் தேடுவது

முதலில் நிற்பவை சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும். சர்க்கரை நோயாளிக்கு அல்புமின் கூடியிருந்தால் கண் விழித்திரையையும் பார்ப்பார்கள். இரண்டு இடத்திலும் நுண்ணிய ரத்தக்குழாய்களே பழுதடைகின்றன. விழித்திரை நன்றாக இருந்து புரதம் மட்டும் திடீரென்று கூடினால், சர்க்கரையைத் தவிர வேறு காரணம் உண்டா என்று தேட வேண்டும். சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத இளையவர்களுக்கு ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, லூப்பஸ், மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி போன்ற, உடலின் எதிர்ப்பாற்றலே வடிகட்டியைத் தாக்கும் நோய்கள் காரணமாகலாம். சிறுநீரில் புரதத்தோடு ரத்த அணுக்களும் இருந்தால் பயாப்ஸி வரை போக வேண்டிவரலாம். ஊசி வழியாகச் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் அந்தச் சோதனைக்கு அஞ்சி மறுப்பவர்கள் உண்டு. எந்த மருந்து பலிக்கும் என்பதைப் பல நோய்களில் அது ஒன்றுதான் சொல்லும் என்பதால், மருத்துவர் பரிந்துரைத்தால் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்ல மறந்துபோகும் இரண்டு பொருள்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஒன்று வலி மாத்திரை. மூட்டுவலிக்காக டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகியவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மற்றொன்று பாதரசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்களுக்கு மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளோடும் இதே நோயைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். லேபிளில் தயாரிப்பாளர் பெயரே இல்லாத அழகு க்ரீமோ, உட்பொருள் தெரியாத பஸ்பமோ பயன்படுத்தியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதை நிறுத்தினாலே புரதம் குறைந்தவர்கள் உண்டு.

கசிவைக் குறைக்கும் வழிகள்

ரத்த அழுத்தத்தை 130/80-க்குள் வைப்பது முதல் வேலை. அதற்கான மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகிய வகைகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே தணித்து, புரதக் கசிவைக் குறைக்கின்றன. தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள். கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதே. முன்பிருந்த அளவிலிருந்து 30 விழுக்காடு வரையிலான ஏற்றத்தைக் கண்டு, 'மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இம்மாத்திரைகள் கூடாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள நாள்களில் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும் சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைப்பதாக 2020 முதல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் இவற்றின் காப்புரிமை முடிந்ததால் விலையும் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு இவை பொருந்துமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உணவில் உப்புதான் முதன்மையானது. நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் போகக் கூடாது. உப்பு கூடினால் மேலே சொன்ன மாத்திரைகளின் பலனும் குறையும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மோர் மிளகாயும் வைத்துக்கொண்டால் கணக்கு நேராகாது. பொட்டாசியம் உப்பு கலந்த 'லோ சோடியம்' உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. புரத உணவைப் பற்றி இரண்டு தவறான ஆலோசனைகள் உலவுகின்றன: புரதம் வெளியேறுகிறது, ஆகவே நிறையச் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டும் என்பது ஒன்று, பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. டயாலிசிஸ் தேவைப்படாத நோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம் வரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைக்காத 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்குச் சற்று மேல். இந்த அளவுக்குள் நம் வழக்கமான சாப்பாடு அடங்கிவிடும். ஜிம்மில் கொடுக்கும் புரதப் பொடி அடங்காது. புகையிலையை விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கர்ப்ப காலத்தில்

இங்கே மட்டும் மூன்று மாதம், மறுசோதனை என்ற நிதானம் பொருந்தாது. கருவுற்று 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் அல்புமினும் தெரிந்தால் அது பேறுகால முன்வலிப்பு நோயாக இருக்கக்கூடும். ஊரில் 'உப்பு நீர்' என்று சொல்லி, எல்லாக் கர்ப்பிணிக்கும் வருவதுதான் என்று பெரியவர்கள் ஆறுதல் கூறும் கால் வீக்கத்தோடு, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே, இரவானாலும், பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தமும் சிறுநீரும் பார்க்கப்படுகிறதா என்பதைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும்.

யார், எங்கே, எப்போது

இரண்டாம் வகை சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே ஏ.சி.ஆர்., கிரியேட்டினின் இரண்டும் பார்த்து, அதன்பின் ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். முதல் வகையில் ஐந்தாண்டுகள் கழிந்ததும் தொடங்கலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள், நீண்ட காலம் வலி மாத்திரை எடுத்தவர்கள் ஆகியோருக்கும் ஆண்டுச் சோதனை தேவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர் அல்புமின் சோதனை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் பணியாளரிடம் சிறுநீர்ச் சோதனை பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். எளிய சோதனைக்குள்ள வலிமையைச் சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணியும் கிட்னி ஹெல்ப் ட்ரஸ்டும் முன்பே காட்டியிருக்கிறார்கள்: சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தால் அல்புமினையும் பெனடிக்ட் கரைசலால் சர்க்கரையையும் சோதித்து, விலை குறைந்த மருந்துகளால் சிகிச்சை அளித்தார்கள்.

வெயிலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் பரவியுள்ள, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் வடிகட்டியைவிட நுண்குழாய்களையே முதலில் தாக்குகிறது. அதனால் அந்நோயாளிகளின் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், கிரியேட்டினின் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் அல்புமின் 'இல்லை' என்ற சீட்டோடு திரும்பிவிடாமல், அதே நாளில் ரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.